காக்கை உட்கார்ந்தது, கதை பிறந்தது

வீட்டில் ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது அவரே வாசலில் வந்து நின்றால், "உங்களுக்கு நூறு வயசு!" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஒரு கல்யாணப் பேச்சு நடக்கையில் சுவரில் பல்லி ஒலியெழுப்பினால், "பார், பல்லியே சொல்லிவிட்டது" என்பார்கள். இந்த இரண்டுக்கும் நேர் எதிரான ஒரு பழமொழியும் நம்மிடம் உண்டு: காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. பழம் நன்றாகக் கனிந்து காம்பு விடும் நேரம். அதே நொடியில் ஒரு காக்கை வந்து அமர்கிறது. கீழே நின்று பார்த்தவனுக்குக் காக்கைதான் பழத்தைத் தள்ளிவிட்டதாகத் தோன்றுகிறது.

ஒன்றுக்கொன்று காரணமாக இல்லாத இரு நிகழ்ச்சிகள் பொருத்தமாக ஒன்றுசேர்வதைத் தற்செயல் ஒற்றுமை என்கிறோம். அந்தப் பொருத்தம் நமக்கு ஏதோ சொல்லவருவதுபோல் தோன்றும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அறிவியல் ஆசிரியர் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று தள்ளிவிடுவார். கதை எழுதுபவரும் ஓவியம் தீட்டுபவரும் அதையே பொக்கிஷம்போல் எடுத்து வைத்துக்கொள்வார்கள். யார் சொல்வது சரி? இந்த வாரம் அதைப் பார்ப்போம். கொஞ்சம் கணக்கும் உண்டு. கால்குலேட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரிச்சர்ட் பார்க்கர் என்ற பெயர்

1838இல் அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ ஒரு கடல் நாவலை வெளியிட்டார். ஆர்தர் கோர்டன் பிம் என்ற இளைஞனின் பயணக் கதை அது. புயலில் கப்பல் சிதைந்துபோக, நான்கு பேர் மட்டும் உயிரோடு மிஞ்சுகிறார்கள். உணவில்லை, நீரில்லை. நால்வரில் ஒருவரைக் கொன்று மற்ற மூவரும் பிழைக்கலாம் என்று ஒரு மாலுமி சொல்கிறான். குச்சி எடுத்துச் சீட்டுப் போடுகிறார்கள். யோசனை சொன்னவன் கையிலேயே குட்டைக் குச்சி வருகிறது. அவன் பெயர் ரிச்சர்ட் பார்க்கர்.

46 ஆண்டுகள் கழிந்தன. 1884ஆம் ஆண்டு மே மாதம் மிக்னோனெட் என்ற சிறு பாய்மரக் கப்பல் இங்கிலாந்திலிருந்து சிட்னிக்குப் புறப்பட்டது. அதில் நான்கே பேர். ஜூலை 5ஆம் நாள் தென் அட்லாண்டிக் கடலில் பேரலை அடித்துக் கப்பல் மூழ்கியது. நால்வரும் ஒரு சிறு படகில் ஏறினர். மூன்று வாரம் ஆவதற்குள், கடல்நீரைக் குடித்து நோயுற்றுக் கிடந்த 17 வயதுப் பையனை மற்றவர்கள் கொன்று உண்டனர். மீட்கப்பட்டு ஊர் திரும்பிய கப்பல் தலைவர் டட்லியும் துணைவர் ஸ்டீபன்சும் கொலை வழக்கில் நிறுத்தப்பட்டார்கள். உயிர் பிழைக்க வேறு வழியில்லை என்பது கொலைக்குச் சமாதானம் ஆகாது என்ற அந்தத் தீர்ப்பை இன்றும் ஆங்கிலேயச் சட்ட மரபில் பயிலும் மாணவர்கள் படிக்கிறார்கள். மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு ஆறு மாதச் சிறைத் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

கொல்லப்பட்ட பையனின் பெயர் ரிச்சர்ட் பார்க்கர்.

படிக்கும்போதே உடல் சிலிர்க்கிறதல்லவா? அந்தச் சிலிர்ப்பை அப்படியே வைத்திருங்கள். சற்று நேரத்தில் அதை அளந்து பார்க்கப் போகிறோம். அதற்கு முன் கதையின் மூன்றாவது பகுதியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தமிழர் வாழும் ஊரில் தொடங்குகிறது. கனடா எழுத்தாளர் யான் மார்ட்டெல் 2001இல் வெளியிட்ட 'லைஃப் ஆஃப் பை' நாவலில், புதுச்சேரியில் விலங்குக் காட்சிசாலை நடத்தும் குடும்பத்துப் பையன் கப்பல் மூழ்கியபின் 227 நாள் ஒரு வங்காளப் புலியோடு படகில் தவிக்கிறான். அங் லீ 2012இல் அதைப் படமாக்கினார். பாம்பே ஜெயஸ்ரீயின் தமிழ்த் தாலாட்டோடு தொடங்கும் படம் என்றால் உங்களுக்கு நினைவு வரலாம். அந்தப் புலியின் பெயரும் ரிச்சர்ட் பார்க்கர்தான்.

இந்த மூன்றாவது பொருத்தம் தற்செயல் அன்று. முந்தைய இரண்டையும் தெரிந்துகொண்டே மார்ட்டெல் அந்தப் பெயரை வைத்தார். நாவலுக்குள் அவர் சொல்லும் காரணம் இன்னும் சுவையானது: புலிக்குட்டியைப் பிடித்த வேட்டைக்காரரின் பெயரும் குட்டிக்கு வைத்த பெயரும் ஓர் எழுத்தர் செய்த பிழையால் ஆவணத்தில் இடம் மாறிவிட்டன! தற்செயலாகக் கிடைத்த பெயரைக் கதைக்குள் நுழைக்க ஆசிரியர் இன்னொரு தற்செயலைக் கற்பனையாகப் படைத்தார்.

சிலிர்ப்பை அளப்போம்

உங்கள் வகுப்பில் 30 பேர் இருக்கிறீர்கள் என்று கொள்வோம். அவர்களில் யாரேனும் இருவருக்கு ஒரே நாளில் பிறந்தநாள் வருவதற்கான நிகழ்தகவு என்ன? ஆண்டுக்கு 365 நாள், ஆட்களோ 30 பேர்தான், ஆகவே வாய்ப்பு மிகக் குறைவு என்றுதான் பலரும் சொல்வார்கள்.

தலைகீழாகக் கணக்கிடுவோம். ஒருவருக்கும் பொருந்தாமல் போக வேண்டுமானால், முதல் மாணவருக்கு எந்த நாளும் சரி. இரண்டாமவருக்கு மீதி 364 நாளில் ஒன்று. மூன்றாமவருக்கு 363இல் ஒன்று. இப்படியே 365/365 × 364/365 × 363/365 என்று 30 பின்னங்களைப் பெருக்கிக்கொண்டே போனால் கிடைப்பது ஏறத்தாழ 0.294. அதை 1இலிருந்து கழித்தால் 0.706. அதாவது சுமார் 71 விழுக்காடு! 23 பேர் இருந்தாலே பாதிக்கு மேல், 40 பேர் இருந்தால் 89 விழுக்காடு.

நம் உள்ளுணர்வு எங்கே தவறுகிறது? கேள்வியைக் கேட்டதும் நாம் மனத்திற்குள் "என் பிறந்தநாள் இன்னொருவரோடு பொருந்துமா?" என்று அதை மாற்றிக்கொள்கிறோம். அதற்கான வாய்ப்பு உண்மையிலேயே குறைவுதான். 30 பேர் வகுப்பில் ஏறத்தாழ 8 விழுக்காடு. ஆனால் கேள்வி உங்களைப் பற்றியது அல்ல. யாரேனும் இருவரைப் பற்றியது. 30 பேரிலிருந்து 435 சோடிகளை அமைக்கலாம். 435 சோடிகளில் ஒன்றாவது பொருந்திவிடும்.

இப்போது ரிச்சர்ட் பார்க்கருக்கு வருவோம். ரிச்சர்ட், பார்க்கர் இரண்டுமே ஆங்கிலேயரிடையே பரவலாக வழங்கிய பெயர்கள். நம்மூரில் ஒரு முருகனையோ ஓர் இராமசாமியையோ போல. 19ஆம் நூற்றாண்டில் கடல் கதைகள் நிறைய வந்தன, கப்பல்களும் நிறைய மூழ்கின. பட்டினியில் சீட்டுப் போட்டு ஒருவரைக் கொல்லும் கொடுமை மாலுமிகளிடையே பலர் அறிந்த வழக்கமாகவே இருந்தது. போ அதைத் தாமாகக் கற்பனை செய்யவில்லை. எந்த நாவலும், எந்தப் பெயரும், எந்தக் கப்பலும் பொருந்தியிருந்தாலும் நாம் இதே அளவு வியந்திருப்போம். நாவல்கள் ஒரு பக்கம், விபத்துகள் ஒரு பக்கம் என்று வைத்துச் சோடி சேர்த்தால் எத்தனை வரும் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பொருந்தாத விவரங்களை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நாவலில் சீட்டுப் போட்டார்கள். மிக்னோனெட் படகில் போடவில்லை. நாவலில் வருபவன் நல்ல நிலையில் இருந்து யோசனை சொன்னவன்; உண்மைப் பார்க்கர் நோயில் கிடந்த சிறுவன். இந்த ஒற்றுமை பரவலாகத் தெரியவந்ததே 1974இல், லண்டன் 'சண்டே டைம்ஸ்' இதழுக்கு ஒரு வாசகர் எழுதிய கடிதம் வெளியானபோதுதான். நிகழ்ச்சி நடந்து 90 ஆண்டுகளுக்குப் பிறகு!

புள்ளியியல் அறிஞர்கள் பெர்சி டயகோனிசும் ஃபிரெடரிக் மோஸ்டெல்லரும் 1989இல் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு விதியே வகுத்தார்கள். வாய்ப்புகளின் எண்ணிக்கை மிகப் பெரிதாக இருந்தால், எவ்வளவு அரிய நிகழ்ச்சியும் எங்கோ ஒருவருக்கு நடந்தே தீரும். நடந்த அந்த ஒருவருக்கு அது அதிசயம். மொத்தத்தையும் பார்ப்பவருக்கு அது கணக்கு.

நம் ஊரில் இந்த விதி வாராவாரம் வேலை செய்கிறது. சாலை விபத்து நடந்த இடத்தில், அடிபட்டவருக்கு உதவுவதற்கு முன்பே வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். கனவில் வந்த எண், வீட்டுக்குள் பாம்பு நுழைந்த தேதி, எல்லாம் நாலு நம்பர் கடைக்குப் போகும். 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள்; ஒரு குலுக்கலில் பரிசு பெறுபவை, ஆறுதல் பரிசுகளையும் சேர்த்து, 23. ஆக, ஓர் எண்ணுக்கு ஏதேனும் பரிசு விழும் வாய்ப்பு 0.23 விழுக்காடு. ஆயிரம் பேர் ஆயிரம் 'அறிகுறி'களைப் பார்த்து எண் எடுத்தால், இரண்டு மூன்று பேருக்கு விழுந்துவிடும். அந்த இரண்டு மூன்று பேரின் கதை கோப்பிக் கடையில் பத்து ஆண்டு ஓடும். மீதி 997 பேர் வாயே திறக்கமாட்டார்கள். (பிறந்தநாள் கணக்கிலும் 23, இங்கேயும் 23. இதற்குள் யாராவது ஒரு வாசகர் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டிருப்பார்.)

நான்கு கட்டங்கள்

"நூறு வயசு" விஷயத்தைச் சோதிக்க விரும்பினால் ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். பேசினோம், வந்தார். பேசினோம், வரவில்லை. பேசவில்லை, வந்தார். பேசவுமில்லை, வரவுமில்லை. நம் நினைவு முதல் கட்டத்தை மட்டும் பத்திரப்படுத்துகிறது. மற்ற மூன்றும் நிகழ்ந்த உடனே மறந்துபோகின்றன. "மாமாவைப் பற்றிப் பேசினோம், அவர் வரவில்லை" என்று யாராவது அடுத்த வீட்டில் போய்ச் சொல்வார்களா?

பல்லிக்கும் இதே கட்டங்களைப் போடலாம். வீட்டுப் பல்லி தன் எல்லையைக் காட்டவும் துணையைத் தேடவும் ஒலியெழுப்புகிறது. இரவில் நாம் பேசிக்கொண்டிருக்கும் நேரம்தான் அதற்கும் சுறுசுறுப்பான நேரம். ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பல்லி கத்தும் ஒவ்வொரு முறையும் அப்போது என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று எழுதிப் பாருங்கள். "ரிமோட் எங்கே?" என்பதற்கெல்லாம் பல்லி ஆமோதித்திருக்கும்.

தற்செயல் போலத் தோன்றும் எல்லாமே தற்செயல் என்று நினைத்துவிடாதீர்கள். மார்கன் ராபர்ட்சன் என்பவர் 1898இல் ஒரு குறுநாவல் எழுதினார். அதில் டைட்டன் என்ற மாபெரும் கப்பல் ஏப்ரல் மாதத்தில் வட அட்லாண்டிக்கில் பனிப்பாறையில் மோதி அழிகிறது. உயிர்காப்புப் படகுகள் போதவில்லை. 14 ஆண்டுகள் கழித்து, 1912 ஏப்ரலில், டைட்டானிக் அதே கடலில் அதே போல மூழ்கியது. கதைக் கப்பலின் நீளம் 800 அடி. டைட்டானிக் ஏறத்தாழ 882 அடி. இதை ஞானதிருஷ்டி என்பவர்கள் உண்டு. ராபர்ட்சன் வணிகக் கப்பல்களில் பல ஆண்டுகள் வேலை செய்தவர் என்பதை அவர்கள் சொல்வதில்லை. வசந்த காலத்தில் அந்தக் கடல் தடத்தில் பனிப்பாறைகள் மிதந்துவரும் என்பது மாலுமிகளுக்குத் தெரியும். கப்பல்கள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகிக்கொண்டே போனதும் தெரியும். பயணிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் படகு வைக்கும்படி அக்காலச் சட்டம் சொல்லவில்லை என்பதும் தெரியும். பெயர் பொருந்தியது தற்செயல். விபத்து பொருந்தியதில் பாதி, ஒரு தொழிலாளியின் அனுபவ அறிவு. (அந்தக் கதையின் நாயகன் பனிப்பாறையின்மேல் ஒரு பனிக்கரடியோடு சண்டை போடுகிறான். டைட்டானிக்கில் கரடி இல்லை. இதையும் யாரும் சொல்வதில்லை.)

வழக்கு மன்றத்தில் தற்செயல்

இதுவரை படித்தது வேடிக்கையாக இருந்திருக்கலாம். இனி வருவது வேடிக்கை அன்று.

இங்கிலாந்தில் சேலி கிளார்க் என்ற வழக்கறிஞரின் இரு கைக்குழந்தைகள், 1996இல் ஒன்றும் 1998இல் ஒன்றுமாக, திடீரென இறந்தன. ஒரு வீட்டில் இரண்டு குழந்தைகள். இது எப்படித் தற்செயலாக இருக்க முடியும் என்று சந்தேகித்த காவல் துறை, தாயையே கைது செய்தது. வழக்கில் சாட்சி சொன்ன மூத்த குழந்தை மருத்துவர் ஒரு கணக்கைச் சொன்னார். அத்தகைய குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறக்கும் வாய்ப்பு 8,543இல் ஒன்று. ஆகவே இரண்டு குழந்தைகள் இறக்க 8,543 × 8,543, அதாவது ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று. 1999இல் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

உங்கள் கணிதப் பாடநூலைத் திறந்து பாருங்கள். இரு நிகழ்வுகளின் நிகழ்தகவுகளை இப்படி நேராகப் பெருக்கவேண்டுமானால், அவை ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். இரு முறை சுண்டிய நாணயம் சாராதது. ஒரே தாய் தந்தைக்குப் பிறந்து, ஒரே வீட்டில் வளர்ந்த உடன்பிறப்புகள் அப்படியல்லர். மரபணுக் காரணமோ சூழல் காரணமோ இருந்தால், ஒரு குழந்தை இறந்த வீட்டில் இரண்டாவதற்கும் ஆபத்து கூடுதல். பெருக்கலே செல்லாது.

இன்னும் பெரிய பிழை ஒன்று உண்டு. இரண்டு குழந்தைகள் இயற்கையாக இறப்பது மிக அரிது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு தாய் தன் இரண்டு குழந்தைகளையும் கொல்வது மட்டும் அடிக்கடி நடப்பதா? அதுவும் மிக மிக அரிது. இரண்டு அரிய விளக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் எடைபோட வேண்டும், ஒன்றை மட்டும் காட்டி "நம்ப முடிகிறதா?" என்று கேட்கக்கூடாது. 2001இல் இங்கிலாந்தின் ராயல் புள்ளியியல் கழகம் இந்தக் கணக்கைக் கண்டித்து வெளிப்படையாக அறிக்கை விட்டது. மறைக்கப்பட்டிருந்த மருத்துவச் சான்று ஒன்றும் வெளிவந்தது. 2003இல் சேலி கிளார்க் விடுதலையானார். மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்திருந்தார். 2007இல் இறந்துபோனார்.

"இது தற்செயலாக இருக்கவே முடியாது" என்ற ஒரு வாக்கியம் ஒரு மனிதரின் வாழ்க்கையை என்ன செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை. வகுப்பில் இரண்டு முறை பணம் காணாமல் போனபோது இரண்டு முறையும் அந்தப் பக்கம் போன ஒரு மாணவனைப் பற்றி நீங்கள் பேச நேர்ந்தால், 8,543ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

சுவரில் தெரியும் போர்க்களம்

அப்படியானால் நம் மூளை ஏன் இப்படி அமைந்தது? புல்வெளியில் சலசலப்புக் கேட்கிறது. காற்றாக இருக்கலாம், புலியாகவும் இருக்கலாம். காற்றைப் புலி என்று எண்ணி ஓடியவனுக்கு மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். புலியைக் காற்று என்று எண்ணியவனுக்குச் சந்ததியே இல்லை. இல்லாத தொடர்பையும் கண்டுபிடிக்கும் அளவுக்கு விழிப்பான மூளைதான் வழிவழியாக நமக்கு வந்திருக்கிறது என்று பரிணாம உளவியலாளர்கள் விளக்குகிறார்கள். மேகத்தில் யானை தெரிவதும், மின் சுவிட்சுப் பலகையில் முகம் தெரிவதும் அதனால்தான்.

இதே குணம்தான் கலைக்கு மூலதனம். கறை படிந்த சுவர்களை உற்றுப் பாருங்கள், அவற்றில் மலைகளும் ஆறுகளும் போர்க்களங்களும் தெரியும் என்று லியனார்டோ டா வின்சி ஓவியம் பயில்பவர்களுக்கு எழுதிவைத்தார். நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1925இல், பிரான்சின் கடற்கரை விடுதி ஒன்றில் தங்கியிருந்த மாக்ஸ் எர்ன்ஸ்ட் என்ற ஓவியர் அதைச் செய்தே பார்த்தார். தேய்ந்துபோன தரைப் பலகைகளின் வரிகள் அவர் கண்ணை உறுத்தின. அவற்றின்மேல் தாளை வைத்துப் பென்சில் கரியால் தேய்த்தார். நீங்கள் சிறு வயதில் நாணயத்தின்மேல் தாள் வைத்துத் தேய்த்திருப்பீர்களே, அதே வேலைதான். தாளில் ஏறிய வரிகளில் அவருக்குக் காடுகளும் பறவைகளும் தெரிந்தன. பிறகு அவற்றை வளர்த்து ஓவியங்களாக்கினார். பலகை எதையும் வரையவில்லை. அங்கே பறவை எதுவும் இல்லை. ஆனால் பலகை இல்லாவிட்டால் அந்தப் பறவை எர்ன்ஸ்டுக்குத் தோன்றியும் இருக்காது.

படைப்பு நேரும் விதத்தைப் பற்றி ஆர்தர் கோஸ்லர் 1964இல் தடிமனான ஒரு நூல் எழுதினார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு சிந்தனைத் தளங்கள் திடீரென மோதிக்கொள்ளும் இடத்தில்தான் நகைச்சுவையும் கண்டுபிடிப்பும் கலையும் பிறக்கின்றன என்பது அவர் வாதம். குளியல் தொட்டியில் நீர் வழிந்தது ஒரு தளம், மன்னனின் கிரீடத்தில் கலப்படம் இருக்கிறதா என்பது இன்னொரு தளம். இரண்டும் ஆர்க்கிமிடீசின் தலைக்குள் மோதின. திராட்சை பிழியும் கருவியும் முத்திரை குத்தும் அச்சும் கூட்டன்பர்க்கின் தலைக்குள் மோதின. பின்னாளில் கோஸ்லர் தற்செயல்களுக்குப் பின்னால் மர்ம சக்தி இருக்கிறது என்று நம்பத் தொடங்கினார். 'சண்டே டைம்ஸ்' இதழில் பார்க்கர் கடிதத்தை வெளியிட்டவரும் அவர்தான். என் கருத்தில், முதல் நூலில் அவர் சொன்னதே போதும், மர்மம் தேவையில்லை. தற்செயல் என்பது இரு தளங்களை இலவசமாக மோதவிடுகிறது. அவ்வளவுதான் அதன் உதவி.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் இத்தகைய ஒற்றுமைகளுக்குத் தனிப் பெயரே சூட்டினார். அவரிடம் சிகிச்சைக்கு வந்த ஒரு பெண், கனவில் தனக்குப் பொன் வண்டு நகை கிடைத்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது சன்னலில் ஏதோ தட்டியது. திறந்து பிடித்தால், பொன்பச்சை நிற வண்டு! யுங் அதை அவர் கையில் கொடுத்தார். எதையும் நம்பாமல் இறுகிப் போயிருந்த அந்தப் பெண்ணின் மனம் அன்று இளகியது. காரணமின்றியே பொருள் தரும் இணைப்பு உலகில் உண்டு என்று யுங் வாதிட்டார். இயற்பியலில் நோபெல் பரிசு பெற்ற பவுலியோடு சேர்ந்து 1952இல் அதை நூலாகவும் வெளியிட்டார். சோதித்து உறுதிசெய்ய வழியில்லாததால் அறிவியல் உலகம் அதை ஏற்கவில்லை. ஐரோப்பியக் கோடையில் அந்த இன வண்டுகள் சாதாரணம். ஆனால் வண்டைப் பிடித்து நோயாளியின் கையில் வைக்கலாம் என்று தோன்றியது பாருங்கள், அது வண்டின் வேலை அல்ல.

விரிச்சி கேட்ட முதுபெண்டிர்

தமிழில் இதை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு புலவர் தொட்டிருக்கிறார். பத்துப்பாட்டில் மிகச் சிறியது 103 அடிகள் கொண்ட முல்லைப்பாட்டு. பாடியவர் நப்பூதனார். போருக்குப் போன தலைவன் மழைக்காலம் தொடங்கியும் திரும்பவில்லை. வருந்தும் தலைவிக்காக முதிய பெண்கள் மாலை நேரத்தில் ஊர்ப் புறத்துக்குப் போய், நெல்லும் முல்லைப் பூவும் தூவி வணங்கி, காதில் விழும் சொல்லுக்காகக் காத்து நிற்கிறார்கள். இதற்கு விரிச்சி கேட்டல் என்று பெயர். முன்பின் தெரியாத ஒருவர் வேறு எதைப் பற்றியோ பேசும் சொல்லைத் தங்கள் கேள்விக்கு விடையாக எடுத்துக்கொள்வது.

அப்போது ஓர் இடைப்பெண், கட்டிக்கிடக்கும் கன்று துவள்வதைக் கண்டு, குளிரில் கைகளைத் தோளோடு சேர்த்துக்கொண்டபடி, உன் தாய்மார் இதோ வந்துவிடுவார்கள் என்று அதற்கு ஆறுதல் சொல்கிறாள். முதுபெண்டிர் அதைப் பிடித்துக்கொண்டு தலைவியிடம் ஓடுகிறார்கள்: நல்ல சொல் கேட்டோம், உன் தலைவன் வருவான்!

இதற்கும் நாம் கணக்குப் போடலாம். அவர்கள் போய் நின்றது மாலை நேரம். இடம், ஆயர்கள் இருக்கும் ஊர்ப் புறம். மேயப் போன பசுக்கள் வீடு திரும்பும் பொழுது. "வந்துவிடும், வந்துவிடும்" என்பதைத் தவிர அந்த நேரத்தில் அங்கே வேறு எந்தச் சொல் அதிகம் கேட்கும்? நல்ல சொல் கிடைக்கும் நிகழ்தகவு மிக உயர்வு. மரபாக வந்த பழக்கமே அப்படி நேரமும் இடமும் பார்த்து அமைந்திருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நப்பூதனார் எவ்வளவு கூர்மையானவர் என்பது அடுத்து வருவதில் தெரியும். தலைவி அந்தச் சொல்லைக் கேட்டுத் தேறவில்லை. அவள் கண்ணீர் நிற்கவில்லை. முதுபெண்டிர் நம்பினார்கள், அவள் நம்பவில்லை. புலவர் இருவரையும் அருகருகே நிறுத்திவிட்டு, நேரே போர்ப் பாசறைக்குப் போய்விடுகிறார். ஆனால் படிக்கும் நமக்கு அந்தக் கன்று நினைவில் நின்றுவிடுகிறது: தாய்க்காகக் காத்திருக்கும் கன்று, தலைவனுக்காகக் காத்திருக்கும் பெண். சான்றாக அந்தச் சொல் எதையும் நிரூபிக்கவில்லை. உவமையாக அதற்கு நிகரே இல்லை.

இந்த வாரப் பயிற்சி

மாலை ஏழு மணிக்கு உங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலோ தாமான் கடைவரிசையிலோ ஐந்து நிமிடம் நில்லுங்கள். உங்களைக் கடந்து போகும் ஒருவர் பேசும் முதல் முழு வாக்கியத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர், எண் எதுவும் இருந்தால் விட்டுவிடுங்கள். எந்த மொழியாக இருந்தாலும் சரி. வீட்டுக்கு வந்து, உங்கள் மனத்தில் இப்போது எந்தக் கவலை இருக்கிறதோ அதை ஒரு வரியில் எழுதுங்கள். இரண்டையும் ஒரே கதையில் சேர்த்து ஒரு பக்கம் எழுதுங்கள்.

அடுத்து, அதே கவலையை வைத்துக்கொண்டு, மறுநாள் வேறு வாக்கியம் ஒன்றைக் கேட்டு வந்து இன்னொரு பக்கம் எழுதுங்கள். இரண்டு வாக்கியங்களும் உங்கள் கவலைக்காகவே சொல்லப்பட்டவைபோலத் தோன்றும். இரண்டு கதைகளையும் நண்பரிடம் கொடுத்து, எந்த வாக்கியம் "உண்மையான" விரிச்சி என்று கேட்டுப் பாருங்கள்.